முடிந்தும் முடியாத காலம்: ஆங்கில வினையில் ஒரு பாடம்



ஒரு மொழியின் சொற்கள் விரைவில் பழகிவிடும். அம்மொழி பேசுவோர் காலத்தை நோக்கும் முறை பழகுவதற்கோ பல்லாண்டுகள் ஆகும். ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் இறந்தகாலத்தை அறிவார்கள், எதிர்காலத்தையும் அறிவார்கள். ஆனால், 'பிரசண்ட் பெர்ஃபெக்ட்' என்னும் காலத்தை அடைந்தவுடன் தயங்கி நிற்கிறார்கள். சிலர் அதனைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பயன்படுத்தக்கூடாத இடத்தில் பயன்படுத்துகிறார்கள். அத்தயக்கத்தைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காலத்திற்குத் தமிழில் என்ன பெயர் சூட்டலாம்? 'முற்று' என்னும் சொல் நம் இலக்கணத்தில் வேறு பொருளில் வழங்குகின்றது. எச்சம் அல்லாத வினையே முற்று. ஆகவே, குழப்பம் நேராதிருக்க, 'நிறைவு நிகழ்காலம்' என்று இதனை நாம் அழைப்போம். செயல் நிறைவடைந்துவிட்டது, அதன் பயனோ நிகழ்காலத்தில் நிற்கிறது. இப்பெயரிலேயே இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகின்றது.

இதனைக் கற்பது எதற்கு?

1988ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019இல் இறுதியாக நடைபெற்றது. 2021இல் அது அகற்றப்பட்டது. தேர்வு இல்லாதபோது இலக்கணம் எதற்கு என்று சில பெற்றோர் வினவக்கூடும். தேர்வு போனாலும் வாழ்க்கை போகவில்லை. ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளியில் கால் வைக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் உடன்வரும். எஸ்.பி.எம். தேர்விலும், வேலைக்கான நேர்காணலிலும், மருத்துவமனையிலும் அது எதிரே வந்து நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காய்ச்சலால் வாடும் ஒருவர் தனியார் மருந்தகத்திற்குச் செல்கிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் வினவுகிறார். நோயாளி, 'ஐ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேய்ஸ்' என்கிறார். இதன் பொருள் யாது? மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்பொழுது இல்லை என்பதாகும். காய்ச்சல் இன்னும் இருக்குமானால், 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேய்ஸ்' என்று கூறவேண்டும். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு 'ஹேவ்' என்னும் ஒரே ஒரு சிறு சொல்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டு இலக்கணம் அன்று. டிங்கிக் காய்ச்சலில் பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து மிகுதி என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது, இப்பொழுதும் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்னும் கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்தால்தான் மருத்துவர் சரியாக முடிவு செய்ய இயலும். சிறு சொல் ஒன்று சில வேளைகளில் உயிரோடு தொடர்புடையதாகிவிடுகிறது.

மற்றொன்று: ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். 'ஐ வொர்க்ட் இன் திஸ் எஸ்டேட் ஃபார் டென் யியர்ஸ்' என்று எழுதினால், பத்து ஆண்டுகள் வேலை செய்தார், பின்பு நின்றுவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். இன்றும் வேலையில் இருப்பவர், 'ஐ ஹேவ் வொர்க்ட் இன் திஸ் எஸ்டேட் ஃபார் டென் யியர்ஸ்' என்றுதான் எழுதவேண்டும். உழைத்த உழைப்பு உரிய முறையில் ஏட்டில் ஏறவேண்டாமா?

தமிழில் இக்காலம் இல்லையா?

காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்தார். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் அம்மூன்று காலத்தையும் காட்டும் இடைநிலைகளை முறைப்படுத்தினார். த், ட், ற், இன் என்பன இறந்தகாலம் காட்டும். கிறு, கின்று, ஆநின்று என்பன நிகழ்காலம் காட்டும். ப், வ் என்பன எதிர்காலம் காட்டும். நிறைவு நிகழ்காலம் என்று தனியாக ஒன்றை அவர்கள் கூறவில்லை. ஆயினும் தமிழர் வாயில் அப்பொருள் நாள்தோறும் புழங்குகின்றது.

'தம்பி வந்திருக்கிறான்' என்னும் தொடரைப் பிரித்துப் பாருங்கள். வந்து + இருக்கிறான். 'வந்து' என்பது இறந்தகால வினையெச்சம். அதில் உள்ள 'த்' இறந்தகாலத்தைக் காட்டுகிறது. 'இருக்கிறான்' என்பது நிகழ்கால வினைமுற்று. அதில் உள்ள 'கிறு' நிகழ்காலத்தைக் காட்டுகிறது. வருதல் முடிந்துவிட்டது; இருத்தல் தொடர்கிறது. ஒரே வினைத்தொடரில் இரண்டு காலங்கள் கைகோத்து நிற்கின்றன!

ஆங்கிலத்தில் 'ஹீ ஹேஸ் கம்' என்பதும் இதுவே. தமிழர் 'இரு' என்னும் துணைவினையைச் சேர்த்தனர். ஆங்கிலேயர் 'ஹேவ்' என்னும் துணைவினையைச் சேர்த்தனர். 'ஹேவ்' என்றால் உடைமை. பழங்கால ஆங்கிலத்தில், 'எழுதப்பட்ட கடிதத்தை நான் உடையேன்' என்னும் பொருள்படப் பேசினர். நாளடைவில் உடைமைப் பொருள் தேய்ந்து, 'நான் கடிதம் எழுதியிருக்கிறேன்' என்னும் பொருள் நிலைத்தது. செய்து முடித்த செயலின் பயனைக் கையில் வைத்திருப்பதுபோல அவர்கள் எண்ணினர். நாம் அப்பயன் நம்மிடம் இருப்பதாக எண்ணினோம். பாதை வேறு, ஊர் ஒன்றே.

பால் மரம் காட்டும் இலக்கணம்

நம் மாநிலத்திற்கு ரப்பர் வந்த கதையை மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்னும் சீன வணிகர் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; பின்னர் புக்கிட் ஆசகானிலும் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிடப்பட்டதன் தொடக்கம் அதுவே. இன்று நம் தோட்டங்களில் பால் மரம் அருகிச் செம்பனை பெருகிவிட்டது. பால் மரத்தைக் கண்டிராத பிள்ளைகள் தங்கள் பாட்டியை வினவலாம். விடிவதற்கு முன் தீம்பாருக்குச் சென்ற கதையை அவர் மகிழ்ந்து கூறுவார்.

பாட்டியார் உளியால் மரத்தைச் சீவுகிறார். அச்செயல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அவர் அடுத்த மரத்திற்குப் போய்விடுகிறார். ஆனால் சீவிய மரத்திலிருந்து பால் மங்கில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சில மணி நேரம் அது நிற்பதில்லை. அவ்வேளையில் ஆங்கிலத்தில் என்ன சொல்வோம்? 'ஷீ ஹேஸ் டாப்ட் தி ட்ரீ.' சீவுதல் முடிந்தது. பால் இன்னும் சொட்டுகிறது.

பின்னர்ப் பால் சேகரித்து, வாளியில் ஊற்றி, நிறுத்துக் கணக்கெழுதியாயிற்று. மங்கு கவிழ்க்கப்பட்டது. மறுநாள் அதனைப் பற்றிப் பேசும்போது, 'ஷீ டாப்ட் தி ட்ரீ எஸ்டர்டே' என்போம். அங்கே 'ஹேஸ்' இல்லை. பால் சொட்டும் வரையில் நிறைவு நிகழ்காலம். மங்கைக் கவிழ்த்தபின் இறந்தகாலம். மாணவர்களே, எச்சொற்றொடரை எழுதும்போதும், 'பால் இன்னும் சொட்டுகிறதா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஐயம் தீரும்.

'ஐ ஹேவ் லாஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட்' என்றால் அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. இழப்பு இன்றும் சொட்டுகிறது. 'ஐ லாஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட் லாஸ்ட் யியர்' என்றால் அது சென்ற ஆண்டின் செய்தி. இன்று கையில் புதிய அட்டை இருக்கவும் கூடும்.

சொற்றொடர் அமைப்பு

அமைப்பு எளிது. எழுவாய், அதனை அடுத்து 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்', அதனை அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். ஐ, யூ, வீ, தே என்பவற்றுடன் 'ஹேவ்' வரும். ஹீ, ஷீ, இட் என்பவற்றுடனும், ஒருவர் பெயர் அல்லது ஒரு பொருளின் பெயருடனும் 'ஹேஸ்' வரும். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று விகுதிகளை மாற்றி மாற்றிப் பேசும் நமக்கு, இரண்டே இரண்டு சொற்களை மாற்றுவது பெரும் பாடன்று.

கடினம் இருப்பது வினையின் மூன்றாம் வடிவத்தில்தான். அவற்றை நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் மனப்பாடம் எளிதாகும்.

முதற்கூட்டம், மூன்று வடிவமும் ஒன்றாக இருப்பவை: கட், கட், கட், புட், புட், புட், ஷட், ஷட், ஷட்.

இரண்டாம் கூட்டம், இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பவை: பை, பாட், பாட், டீச், டாட், டாட், லூஸ், லாஸ்ட், லாஸ்ட், கீப், கெப்ட், கெப்ட். வொர்க், வொர்க்ட், வொர்க்ட் போன்ற ஒழுங்கான வினைகள் யாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே.

மூன்றாம் கூட்டம், முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பவை: கம், கேம், கம், ரன், ரேன், ரன், பிகம், பிகேம், பிகம். இக்கூட்டம் சிறியது. ஆயினும் 'ஹீ ஹேஸ் கேம்' என்று பிழையாக எழுதுவோர் பலர். 'ஹீ ஹேஸ் கம்' என்பதே சரி.

நான்காம் கூட்டம், மூன்று வடிவமும் வேறாக இருப்பவை: கோ, வென்ட், கான், ஈட், எய்ட், ஈட்டன், சீ, சா, சீன், ரைட், ரோட், ரிட்டன், டேக், டுக், டேக்கன், கிவ், கேவ், கிவ்வன், பிரேக், புரோக், புரோக்கன், டூ, டிட், டன். 'ஐ ஹேவ் வென்ட்', 'ஐ ஹேவ் சா' என்னும் பிழைகள் இங்கே பிறக்கின்றன. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் நாளொன்றுக்கு ஐந்து வினைகளை உரக்கச் சொல்லிவந்தால் ஒரு திங்களுக்குள் இவை நாவில் தங்கிவிடும்.

'நேற்று' என்னும் எச்சரிக்கை

நிறைவு நிகழ்காலத்தில் முதன்மையான விதி இது: முடிந்துபோன காலத்தைக் காட்டும் சொல் வந்தால் 'ஹேவ்', 'ஹேஸ்' வரக்கூடாது. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், லாஸ்ட் யியர், டூ டேய்ஸ் அகோ, இன் 1957 என்பன அத்தகைய சொற்கள்.

தமிழில் இத்தடை இல்லை. 'அவர் நேற்றே வந்திருக்கிறார். நமக்குத்தான் தெரியவில்லை' என்று நாம் பேசுகிறோம். அது தமிழில் பிழையும் அன்று. ஆனால் அதனை அப்படியே பெயர்த்து, 'ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே' என்றால் ஆங்கிலத்தில் பிழையாகிவிடும். 'ஹீ கேம் எஸ்டர்டே' என்பதே சரி. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மானிய மொழியில்கூட 'ஹேவ்' போன்ற துணைவினையுடன் 'நேற்று' என்னும் சொல்லைத் தாராளமாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆகவே இப்பிழை செய்யும் தமிழ்ப் பிள்ளையை அறிவு குறைந்த பிள்ளை என்று எண்ணுதல் தகாது. அப்பிள்ளை தன் தாய்மொழியின் வழியில் நடக்கிறது. ஆங்கிலத்தின் வழி அங்கே திரும்புகிறது, அவ்வளவே.

நம் மலாக்காவின் வரலாற்றைக் கொண்டு இவ்விதியை விளங்கிக்கொள்வோம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். 1641இல் அதனை டச்சுக்காரரிடம் இழந்தனர். அவர்களது ஆட்சி 130 ஆண்டுகள் நீடித்து முடிந்துவிட்டது. ஆகையால், 'தி போர்த்துகீஸ் ரூல்ட் மலாக்கா ஃபார் 130 யியர்ஸ்' என்று எழுதவேண்டும். 'ஹேவ் ரூல்ட்' என்று எழுதினால் அவர்கள் இன்றும் ஆள்வதாகப் பொருள்படும்!

அவர்கள் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் இடித்தனர். 'தி பிரிட்டிஷ் டிஸ்ட்ராய்ட் தி ஃபோர்ட் இன் 1807.' இது முடிந்த செய்தி. ஒரு வாயில் மட்டும் எஞ்சி இன்றும் நிற்கிறது. 'தி கேட் ஹேஸ் ஸ்டுட் ஃபார் சென்சுரீஸ்.' இது தொடரும் செய்தி.

துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காத் திடலில், விடுதலை நாளை மக்களுக்கு அறிவித்தார். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. 'மலாயா பிகேம் இன்டிபென்டன்ட் இன் 1957.' இங்கே ஆண்டு குறிக்கப்பட்டதால் இறந்தகாலம். 'வீ ஹேவ் பீன் இன்டிபென்டன்ட் சின்ஸ் 1957.' இங்கே 1957 தொடக்கமாக மட்டும் நிற்கிறது. விடுதலை இன்றும் தொடர்கிறது. 'இன்' என்றால் இறந்தகாலம். 'சின்ஸ்' என்றால் நிறைவு நிகழ்காலம். ஒரே ஆண்டு, இரண்டு காலங்கள்!

சின்ஸ், ஃபார்

'சின்ஸ்' என்பது தொடக்கப் புள்ளியைக் காட்டும். தமிழில் 'முதல்' அல்லது 'இருந்து' என்று கூறுவோம். 'ஃபார்' என்பது கால அளவைக் காட்டும். தமிழில் 'ஆக' என்று கூறுவோம். 2010 முதல் என்பது 'சின்ஸ் 2010'. பத்து ஆண்டுகளாக என்பது 'ஃபார் டென் யியர்ஸ்'. திங்கட்கிழமையிலிருந்து என்பது 'சின்ஸ் மன்டே'. மூன்று நாளாக என்பது 'ஃபார் த்ரீ டேய்ஸ்'. நாள்காட்டியில் விரல் வைத்துக் காட்டக்கூடியதாயின் 'சின்ஸ்'. விரல்விட்டு எண்ணக்கூடியதாயின் 'ஃபார்'.

இவ்விடத்தில் தமிழர் செய்யும் பிழை ஒன்று உண்டு. 'நான் பத்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் கூறுகிறோம். ஆகவே ஆங்கிலத்திலும், 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் யியர்ஸ்' என்று கூறிவிடுகிறோம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் யியர்ஸ்' என்பதே சரி. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் யியர்ஸ்' என்றும் கூறலாம். அது இதன் உடன்பிறப்பு. அதனை மேல்வகுப்பில் விரிவாகக் கற்பீர்கள்.

மலாக்கா நகரில் தங்கச்சாரித் தெருவில், ஜாலான் துக்காங் எமாசில், பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. அது பதினெட்டாம் நூற்றாண்டில், 1781இல் மலாக்கா செட்டி மக்களால் எழுப்பப்பட்டது. 'பீப்பிள் ஹேவ் பிரேய்ட் தேர் சின்ஸ் தி எய்ட்டீந்த் சென்சுரி.' அச்சமூகத்தார் மலாய் மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டபோதிலும் தங்கள் சமயத்தைக் கைவிடவில்லை. 'தே ஹேவ் கெப்ட் தேர் ரிலிஜன்.' காத்தல் அன்று தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

போனவரும், போய் வந்தவரும்

'அண்ணன் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறார்' என்று தமிழில் கூறினால் இரண்டு பொருள் கொள்ளலாம். அவர் இப்பொழுது அங்கே இருக்கிறார் என்பது ஒன்று. முன்பு ஒருமுறை அவர் அங்கே சென்று வந்தவர் என்பது மற்றொன்று. கேட்பவர் இடமறிந்து பொருள் கொள்வார்.

ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. 'ஹீ ஹேஸ் கான் டு சிங்கப்பூர்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. 'ஹீ ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்' என்றால் போய் வந்தவர். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலிருந்து வேலைக்காக ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றிருக்கும் பிள்ளைகள் பலர். தொலைபேசியில் எவரேனும், 'இஸ் யுவர் பிரதர் அட் ஹோம்?' என்று வினவினால், வீட்டிலிருக்கும் தங்கை, 'நோ, ஹீ ஹேஸ் கான் டு சிங்கப்பூர்' என்று விடையளிக்கவேண்டும். 'பீன்' என்றால், 'அப்படியாயின் அவரைக் கூப்பிடு' என்பார் மறுமுனையில் உள்ளவர்.

மலாய்மொழி தரும் உதவி

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு நற்பேறு உண்டு. அவர் மும்மொழி பயில்கிறார். தமிழில் விளங்காதது மலாயில் விளங்கக்கூடும்.

மலாயில் வினைச்சொல் காலத்திற்கேற்ப மாறுவதில்லை. 'மாக்கான்' என்பது எக்காலத்தும் 'மாக்கான்' தான். காலத்தைக் காட்டத் தனிச்சொற்கள் உண்டு. அவற்றுள் 'சூடா', 'பெலும்', 'பெர்னா' என்னும் மூன்றும் நம் பாடத்திற்கு நேராகப் பொருந்துகின்றன.

'சூடா மாக்கான்?' என்பது, 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பதாகும். நம் தமிழில் 'சாப்பிட்டாயிற்றா?' என்போம். அரசாங்க மருந்தகத்தில், 'சூடா பெராப்பா ஹாரி டெமாம்?' என்று தாதி கேட்கிறார். அதுவே ஆங்கிலத்தில், 'ஹௌ லாங் ஹேவ் யூ ஹேட் தி ஃபீவர்?' என்று ஆகிறது.

'பெலும்' என்பது 'நாட் யெட்'. 'ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்.' இன்னும் உண்ணவில்லை; உண்ணப்போகிறேன் என்னும் குறிப்பும் அதில் இருக்கிறது.

'பெர்னா' என்பது வாழ்நாளில் எப்பொழுதேனும் ஒருமுறை நிகழ்ந்ததைக் காட்டும். 'பெர்னா பெர்கி பினாங்?' என்பது, 'ஹேவ் யூ எவர் பீன் டு பினாங்?' என்பதாகும். 'சூடா பெர்கி' என்பதற்கும் 'பெர்னா பெர்கி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணரும் பிள்ளை, 'கான்' என்பதற்கும் 'பீன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உடனே பற்றிக்கொள்ளும்.

ஒரே ஒரு கவனம் வேண்டும். 'சூடா' என்பதை 'ஆல்ரெடி' என்றும், 'பெர்னா' என்பதை 'எவர்' என்றும் அப்படியே பெயர்த்து, 'ஐ ஈட் ஆல்ரெடி', 'ஐ எவர் கோ பினாங்' என்று நம் நாட்டில் மூவினத்தாரும் பேசுகின்றனர். சந்தையிலும் பேருந்திலும் அப்பேச்சு நன்கு விளங்குகிறது. அதனை எள்ளுதல் வேண்டா. ஆனால் தேர்வுத் தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்', 'ஐ ஹேவ் பீன் டு பினாங்' என்றே எழுதவேண்டும். 'எவர்' என்னும் சொல் பெரும்பாலும் வினாவில் வரும். விடையில் 'யெஸ், ஐ ஹேவ்' என்றால் போதும். வீட்டிற்கு ஓர் உடை, விழாவிற்கு ஓர் உடை என்பதுபோல் இதனைக் கொள்க.

அமெரிக்கத் திரைப்படம் பார்க்கும் பிள்ளைகள், 'டிட் யூ ஈட் யெட்?' என்று அங்கே பேசுவதைக் கேட்டிருப்பார்கள். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் என்னும் சொற்களுடன் அமெரிக்கர் இறந்தகாலத்தையும் வழங்குவர். நம் நாட்டுப் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றி வந்திருக்கின்றன. ஆகவே 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதையே நீங்கள் பழகுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

'எமக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு நாங்கள் எப்படி உதவுவது?' என்று பெற்றோர் பலர் கூறுகின்றனர். இப்பாடத்தில் ஆங்கிலம் தெரியாத தாய்தந்தையரும் ஆசிரியராக இருக்கலாம். இரவு உணவிற்குப் பின் பிள்ளையிடம் தமிழில் ஐந்து கேள்விகள் கேளுங்கள். 'வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா? நேற்று எங்கே போனாய்? எத்தனை ஆண்டுகளாக இந்தப் பள்ளியில் படிக்கிறாய்? கடற்கரையைப் பார்த்திருக்கிறாயா? மாமா எப்பொழுது வந்தார்?' பிள்ளை ஆங்கிலத்தில் விடை கூறட்டும்.

நீங்கள் இரண்டே இரண்டைக் கவனித்தால் போதும். 'நேற்று', 'எப்பொழுது' என்னும் கேள்விகளுக்கு வரும் விடையில் 'ஹேவ்', 'ஹேஸ்' என்னும் ஓசை காதில் விழக்கூடாது. மற்ற மூன்று விடைகளிலும் அவ்வோசை கட்டாயம் விழவேண்டும். இதற்குக் காது ஒன்றே வேண்டும். கல்லூரிப் படிப்பு வேண்டுவதில்லை. தாய் கேட்கிறாள் என்பதற்காகவே பிள்ளை கருத்துடன் பேசும்.

தாய்மொழியைத் தள்ளிவிட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டா. 'வந்திருக்கிறான்' என்னும் தமிழ்ச் சொல்லைப் பிரித்து அறிந்த பிள்ளைக்குத்தான் 'ஹேஸ் கம்' என்பதன் உள்ளமைப்பு விளங்குகிறது. தமிழ் இலக்கணம் கற்ற அறிவு ஆங்கிலத்திற்கும் முதலாகிறது.

பயிற்சி

கோடிட்ட இடத்தைத் தகுந்த வடிவத்தால் நிரப்புக. பயன்படுத்தவேண்டிய வினை இறுதியில் உள்ளது.

1. மை மதர் ____ தி ரைஸ். இட் இஸ் ரெடி நௌ. வினை: குக்.
2. வீ ____ டு ஜாசின் எஸ்டர்டே. வினை: கோ.
3. ஹீ ____ ஹிஸ் லெக். ஹீ கேன்னாட் வாக் நௌ. வினை: பிரேக்.
4. மலாயா ____ இன்டிபென்டன்ட் இன் 1957. வினை: பிகம்.
5. மை அங்கிள் ____ டு சிங்கப்பூர். ஹீ வில் கம் பேக் நெக்ஸ்ட் மந்த். வினை: கோ.
6. தே ____ இன் திஸ் ஹௌஸ் சின்ஸ் 2010. வினை: லிவ்.
7. ____ யூ எவர் ____ ஆன் எலிஃபன்ட்? வினை: சீ.
8. ஐ ____ நாட் ____ மை ஹோம்வொர்க் யெட். வினை: டூ.

'சின்ஸ்' அல்லது 'ஃபார்' சேர்த்து எழுதுக.

9. ____ மன்டே
10. ____ டூ வீக்ஸ்
11. ____ 1999
12. ____ எ லாங் டைம்

விடைகள்: 1. ஹேஸ் குக்ட். 2. வென்ட். 3. ஹேஸ் புரோக்கன். 4. பிகேம். 5. ஹேஸ் கான். 6. ஹேவ் லிவ்ட். 7. ஹேவ், சீன். 8. ஹேவ், டன். 9. சின்ஸ். 10. ஃபார். 11. சின்ஸ். 12. ஃபார்.

விடைகளை முதலில் பாராது எழுதுங்கள். பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை நேர்ந்த இடத்தில், 'பால் இன்னும் சொட்டுகிறதா, மங்கு கவிழ்ந்துவிட்டதா?' என்று எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! ஒரு பாடம் விளங்கவில்லையாயின், 'எனக்கு வராது' என்று ஒருபோதும் கூறாதீர்கள். 'பெலும்' என்று கூறுங்கள். 'ஐ ஹேவ் நாட் லேர்ன்ட் இட் யெட்' என்று கூறுங்கள். இன்னும் கற்கவில்லை என்பவன் நாளை கற்பான். உங்கள் பாட்டன் பாட்டியர் இம்மண்ணில் உழைத்திருக்கிறார்கள். அவர்தம் உழைப்பின் பயன் உங்கள் கையில் இருக்கிறது. அதனைக் கல்வியாக மாற்றுவது உங்கள் கடமை. வாழ்க, வளர்க!